கமான் புஷ் மாற்றும் வேலை: மலை வண்டிக்காரர்களுக்கு

சுமையோடு இறங்கும் பழைய பிக்கப்பில் பிரேக்கை மிதித்ததும் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது. பிரேக்கை விட்டதும் இன்னொரு 'டொக்'. பலரும் முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றுகிறார்கள், சத்தம் நிற்பதில்லை. பிறகு ஆக்சிலைக் கமான் பட்டையோடு (வண்டியின் எடையைத் தாங்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுத் தகடுகள்) பிணைக்கும் யு போல்ட்டை இறுக்குகிறார்கள், அப்போதும் நிற்பதில்லை. கடைசியில் கமான் பட்டையின் கண்ணுக்குள், அதாவது முனையில் சுருட்டிய வளையத்துக்குள், இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றியதும் சத்தம் அடங்குகிறது. ஆனால் எட்டு பத்து மாதத்தில் அதே சத்தம் திரும்ப வந்துவிடுகிறது. "இப்போ வர்ற ரப்பர் சரியில்லை" என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ரப்பர் மோசமாக இருப்பதும் உண்டுதான். ஆனால் புதுப் புஷ் சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். வீட்டு வாசலில் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு மற்ற எல்லாத் தவறுக்கும் ஒரு மாற்று வழி கிடைக்கும். இந்த ஒரு தவறுக்கு மட்டும் கிடையாது, புஷ்ஷை மறுபடி வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் எப்படி இறுக்குவது என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்ல இருக்கிறது.

இங்கே சொல்வது முன்னும் பின்னும் கமான் பட்டை உள்ள பழைய ஜீப், பிக்கப் வகை வண்டிகளுக்கானது. கண்ணில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் உள்ளே இருப்பது கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷும், அதற்குள் போகும் 'பின்' என்ற இரும்புத் தண்டும். அந்த வேலைக்கு ரீமர் வேண்டும், லேத் பட்டறையும் வேண்டும், அதை வாசலில் செய்ய முடியாது. நிப்பிள் இல்லாமல் கண்ணின் இரு பக்கமும் கறுப்பு ரப்பர் தெரிந்தால் அது உங்கள் கையால் ஆகும் வேலை.

புஷ் எப்படி வேலை செய்கிறது

மெக்கானிக்குகள் சைலண்ட் பிளாக் என்று சொல்லும் ரப்பர் புஷ்ஷில் மூன்று அடுக்கு உண்டு. வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். வெளி வளையம் பட்டையின் கண்ணுக்குள் இறுக்கமாக உட்காரும். உள் குழலை ஹேங்கர் பிராக்கெட்டின் (சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பட்டையைத் தாங்கும் பிடியின்) இரண்டு காதுகளும் போல்ட்டின் இறுக்கத்தால் நெரித்துப் பிடிக்கும். ஆக, போல்ட்டும் சுழலாது, குழலும் சுழலாது, வளையமும் சுழலாது. பட்டை மேலும் கீழும் ஆடும்போது நடுவிலுள்ள ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு திரும்ப நேராகிறது. பேரிங்கைப் போல எதுவும் எதன்மேலும் உராய்வது இல்லை. துணியைப் பிழிவது போல ரப்பர் முறுகுகிறது, அவ்வளவுதான்.

வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது பட்டை வளைந்து கீழே இறங்கியிருக்கும். கண்ணும் அதோடு சில டிகிரி திரும்பியிருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் முறுக்கு இல்லாத நிலை என்று ஆகிவிடும். வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் பாதி முறுகிவிடுகிறது. அதன்மேல் சுமை, அதன்மேல் பள்ளம். ஒவ்வொரு குழியிலும் அது தாங்கும் எல்லையைத் தாண்டி முறுகுகிறது. முதலில் குழலிலிருந்து ஒட்டு விடும், அப்புறம் ரப்பர் கிழியும், அப்புறம் அந்த 'டொக்'. நிறுத்தி வைத்த வண்டியிலும் ரப்பர் ஓய்வில்லாமல் முறுகியபடியே நிற்கிறது.

நீலகிரியில் இது ஏன் சீக்கிரம் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். சக்கரத்தைத் தரை பின்னால் தள்ள, சுமை வண்டியை முன்னால் தள்ள, அந்த இழுபறி முழுவதும் ஆக்சிலிலிருந்து பட்டை வழியாக, பட்டையின் நிலையான முனையிலுள்ள ஒரே ஒரு புஷ் மூலமாகத்தான் சேசிஸுக்குப் போகிறது. மறுமுனையில் இருப்பது பட்டையைச் சேசிஸோடு சேர்க்கும் ஷேக்கிள் என்ற இணைப்பு. அது முன்னும் பின்னும் ஊசலாடும், அதனால் இழுவையைத் தாங்காது. தரைப் பகுதி ஓட்டத்தில் எல்லாப் புஷ்ஷும் ஏறக்குறைய ஒன்றாகத் தேயும், மலை வண்டியில் நிலையான முனைதான் முதலில் போகும். கொண்டை ஊசி வளைவுகளில் பக்கவாட்டுத் தள்ளலும் சேரும். கல்லட்டிப் பாதையில் மட்டும் அப்படி 36 வளைவுகள். ஒரு சக்கரம் ஏறியும் ஒரு சக்கரம் இறங்கியும் திரும்பும்போது பட்டையே முறுகும், புஷ்ஷின் விளிம்பு நசுங்கும்.

இதோடு ஈரமும் செம்மண்ணும். கழுவிய கேரட்டை ஏற்றினால் மூட்டையிலிருந்து தண்ணீர் வழிந்து சேசிஸின்மேல் ஓடும். கண்ணுக்கும் ரப்பருக்கும் நடுவில் புகுந்த நைசான மண் எமரித் தாளைப் போலத் தேய்க்கும். பட்டையைச் சுற்றிக் காய்ந்து கட்டியான மண் ஈரத்தை நாள்கணக்கில் பிடித்துவைக்கும், உள்ளே போல்ட்டும் குழலும் துருவால் ஒன்றாகிவிடும். இந்தத் துருதான் பழைய புஷ்ஷைக் கழற்றும்போது உங்கள் நேரத்தைத் தின்னப் போகிறது.

ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது

பனி விழும் மாதத்தில் அதிகாலையில் வரும் 'கீச்' சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உறைபனியில் ரப்பர் விறைத்திருக்கும், நல்ல புஷ்ஷும் கத்தும். பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகும் கத்தினால் கவனியுங்கள்.

நம்பக்கூடிய சோதனை கடப்பாரைச் சோதனை. வண்டி தரையில் நிற்கட்டும். கண்ணுக்கும் ஹேங்கருக்கும் நடுவில் ஒரு சின்னக் கடப்பாரையைக் கொடுத்து முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், அது சரி. இரும்பு இரும்பில் முட்டும் சத்தமோ 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் நகர்வோ இருந்தால் புஷ் முடிந்துவிட்டது. கண்ணைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் துருப்பொடி கசிந்திருப்பது இன்னொரு அடையாளம். ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கி, போல்ட் கண்ணின் நடுவில் இல்லாமல் மேலேயோ முன்னாலேயோ ஒதுங்கியிருப்பதும் அப்படியே.

அடுத்து டேப் எடுத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இடதும் வலதும் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். இரு பக்கத்துக்கும் 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு பக்க ஆக்சில் நகர்ந்திருக்கிறது. புஷ் தேய்ந்ததாலும் இருக்கலாம், பட்டைத் தகடுகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் பட்டைமேல் வழுக்கியதாலும் இருக்கலாம். எதனால் என்று தெரியாமல் புஷ்ஷில் கை வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் இதே வித்தியாசம் காரணமாக இருக்கக்கூடும். அந்த அளவைச் சுவரில் எழுதி வையுங்கள், கடைசியில் மறுபடி வேண்டும்.

வாங்க வேண்டியவை

ஒரு பட்டைக்கு மூன்று புஷ்: நிலையான கண்ணில் ஒன்று, ஷேக்கிள் பக்கத்துக் கண்ணில் ஒன்று, ஷேக்கிள் சேசிஸோடு சேரும் இடத்தில் ஒன்று. நான்கு பட்டைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. சில வண்டிகளில் இரண்டு பக்கமிருந்தும் நுழைக்கும் இரு துண்டு ரப்பர் இருக்கும், அப்படியானால் இருபத்து நான்கு துண்டு. போல்ட்டும் நைலாக் நட்டும் பன்னிரண்டு ஜோடி. பழைய போல்ட்டைத் துடைத்துப் போட நினைக்காதீர்கள். துரு தின்ற போல்ட்டின் நடுப்பகுதி மெலிந்திருக்கும், குழலுக்குள் ஆடும். புதுப் போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் குறிக்கும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். எதுவும் பொறிக்காத போல்ட் வாசல் கேட்டுக்குத்தான் ஆகும், மலைப்பாதையில் ஓடும் பட்டைக்கு ஆகாது. மரையில்லாத தண்டுப் பகுதி குழலின் முழு நீளத்துக்கும் வருமாறு போல்ட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். பிராக்கெட்டின் காதில் மரை உட்கார்ந்தால் அது அரத்தைப் போல ஓட்டையைப் பெரிதாக்கும்.

வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் ஏதாவது ஒன்றை எடுத்துத் தருவார். பழைய வண்டிகளில் பட்டை எத்தனையோ முறை மாறியிருக்கும், பெயர் உதவாது. ஒரு புஷ்ஷைக் கழற்றி, கண்ணைச் சுத்தம் செய்து, வெர்னியரால் மூன்று அளவு எடுத்துக்கொண்டு போங்கள்: கண்ணின் உள்விட்டம், போல்ட்டின் தடிமன், பிராக்கெட் காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. புது வளையத்தின் வெளிவிட்டம் கண்ணைவிட மயிரிழை, 0.2 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். விரலால் தள்ளியே நுழைகிறது என்றால் அந்தப் புஷ் கண்ணுக்குள் சுழலும், வேண்டாம். குழலின் நீளம் காது இடைவெளிக்குச் சமமாக இருக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் குறைந்தாலும் இறுக்கும்போது காது உள்ளே வளையும், சில மாதத்தில் அதன் அடியில் வெடிப்பு விடும். குறைந்தால் சரியான தடிமனில் வாஷர் கொடுத்து நிரப்புங்கள்.

புஷ் இழுக்கும் கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். 30 சென்டிமீட்டர் நீள எம்14 (14 மில்லிமீட்டர் தடிமனுள்ள) திரெட் ராட், அதற்கு நான்கு நட்டு, 5 மில்லிமீட்டருக்குக் குறையாத தடித்த வாஷர்கள், புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுப் பெரிய உள்விட்டமுள்ள, 8 சென்டிமீட்டர் நீளமுள்ள பைப் துண்டு. பைப்பின் இரு முனையும் நேராக வெட்டியிருக்க வேண்டும், சாய்வாக இருந்தால் புஷ் சாய்ந்துதான் நுழையும்.

தூக்கி நிறுத்துவது

மலையில் சமதளம் கிடைப்பதுதான் பெரிய பாடு. வாசல் சமமாக இருப்பது போலத் தெரியும், ரசமட்டம் வைத்தால்தான் சரிவு தெரியும். ரசமட்டம் இல்லாவிட்டால் ஒரு கோலியைக் கீழே விட்டுப் பாருங்கள். உருண்டு ஓடினால் அங்கே ஜாக்கி வைக்காதீர்கள். உருளைக்கிழங்கு தரம் பிரிக்கும் சிமென்ட் களம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மழை பெய்த மண் தரையில் செய்தே ஆக வேண்டுமென்றால், இரண்டு அங்குலத் தடிமனுள்ள பலகையை ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் போடுங்கள்.

பின்பக்கத்தைத் தூக்கினால் கைப்பிரேக்கை நம்ப முடியாது. பெரும்பாலான வண்டிகளில் அது பின் சக்கரத்தில்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் கியரில் போட்டு வைப்பது பிடிக்காது, டிஃபரன்ஷியல் தூக்கிய சக்கரத்தைச் சுழலவிட்டு வண்டியை நகரவிடும். ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விடாதீர்கள். சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வேண்டும். இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த, சதுரமாக அறுத்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அண்டை கொடுங்கள். கற்பூர மரத்தின் உருண்டைத் துண்டு எங்கும் கிடக்கும், ஆனால் அது உருளும், பச்சையாக இருந்தால் பிளக்கும். ஹாலோ பிளாக் கல்லை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அது முன்னெச்சரிக்கை இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

தூக்குவதற்கு முன்பே, வண்டி தரையில் நிற்கும்போது, எல்லா நட்டையும் அரைச் சுற்று இளக்கி வையுங்கள். தூக்கிய வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு நீளப் பைப் மாட்டி முழு பலத்தில் இழுப்பது ஆபத்து. சேசிஸைத் தூக்கி நிறுத்தியதும் ஷாக் அப்சார்பரின் அடி நட்டைக் கழற்றுங்கள், பிரேக் ஹோஸ் இழுபடாமல் தொய்வாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது ஜாக்கி ஒன்றை ஆக்சிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஏற்றியும் இறக்கியும்தான் போல்ட்டின்மேல் உள்ள சுமையை நீக்க வேண்டும். சரியான உயரம் வந்ததும் போல்ட் கையாலேயே சுழலும். சுத்தியலால் அடித்துத்தான் வருகிறது என்றால், துரு இல்லாத பட்சத்தில், உயரம் சரியில்லை என்று பொருள்.

ஒரு நேரத்தில் ஒரு பட்டை, அந்தப் பட்டையிலும் ஒரு முனை. மறுமுனை மாட்டியே இருக்கட்டும், யு போல்ட்டைத் தொட வேண்டாம். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் விட்டால் ஆக்சில் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நிலையான முனையைக் கழற்றும்போது ஆக்சிலைச் சங்கிலியாலோ தடித்த கயிற்றாலோ சேசிஸோடு கட்டிவிடுங்கள்.

போல்ட்டும் பழைய புஷ்ஷும்

வேலைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் துரு இளக்கும் ஸ்பிரேயோ மண்ணெண்ணெயோ விட்டுவாருங்கள். குளிரில் எண்ணெய் மெதுவாகத்தான் இறங்கும், ஒரு மணி நேரம் போதாது. நட்டு கழன்ற பிறகு போல்ட் தலையைத் திருப்பும்போது ரப்பரும் சேர்ந்து முறுகி, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்புகிறதா? போல்ட் குழலோடு ஒட்டிவிட்டது. அதன்மேல் அரை மணி நேரத்துக்கு மேல் செலவிடாதீர்கள். பிராக்கெட் காதுக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள சந்தில் ஹேக்சா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். கிரைண்டர் என்றால் பொறி போகும் திசையில் டீசல் டேங்க்கும் குழாயும் பிரேக் ஹோஸும் இருக்கின்றனவா என்று பார்த்து, ஈரச் சாக்கால் மூடிய பிறகுதான் தொட வேண்டும்.

கேஸ் வைத்துச் சுட்டு எரித்தால் புஷ் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். நிறையப் பேர் செய்கிறார்கள். செய்யாதீர்கள். கமான் பட்டை சூடேற்றிப் பதம் போட்ட எஃகு. கண் செக்கச் சிவக்கும் அளவுக்குச் சூடானால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும், அதே கண் பின்னால் சுமையோடு வளைவில் திறந்துகொள்ளும். ரப்பர் புகையும் நெஞ்சுக்கு ஆகாது.

6 மில்லிமீட்டர் ட்ரில்லால் ரப்பரில் சுற்றிலும் ஓட்டை ஓட்டையாகப் போட்டுக்கொண்டே போனால் நடுக்குழல் தானாகக் கழன்று வரும். மிச்ச ரப்பரைக் கத்தியால் வெட்டி எடுங்கள். இனி வெளி வளையம். ஹேக்சா பிளேடைக் கழற்றிக் கண்ணுக்குள் விட்டு, மறுபடி பிரேமில் மாட்டி, வளையத்தில் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போடுங்கள். வளையத்தின் தடிமன் சொற்பம்தான், ஆகவே அவசரப்படக் கூடாது. பிளேடு இழுக்கும் சத்தம் மாறும்போது நிறுத்திவிடுங்கள். கீறலின் ஓரத்தில் சிறு உளியை வைத்துத் தட்டினால் வளையம் உள்ளே மடங்கும், பிறகு ஒரு தட்டில் வெளியே வந்துவிடும்.

கண்ணின் உள்சுவரில் பிளேடு பட்ட கோடு விழுந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். பட்டையில் வெடிப்பு தொடங்குவதற்கு அப்படி ஒரு கோடு போதும். 80 எண் எமரித் தாள், பிறகு 120, கோடு மறையும் வரை தேயுங்கள். பிறகு ஒரு சோதனை: கண்ணையும் முதல் பட்டையின் (அடுக்கில் கண் உள்ள தகட்டின்) முதல் ஒரு சாண் நீளத்தையும் மண்ணெண்ணெயால் நனைத்துக் கால் மணி நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளியேறி, வெள்ளைப் பொடியில் மெல்லிய ஈரக் கோடாகத் தெரியும். அப்படி ஒரு கோடு தெரிந்தால் அந்தப் பட்டைக்குப் புதுப் புஷ் போடாதீர்கள், முதல் பட்டையையே மாற்றுங்கள். வெல்டிங் வைத்து ஒட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹேங்கர் பிராக்கெட்டையும் அதன் ரிவிட்டுகளையும் இப்போதே கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து பாருங்கள், இவ்வளவு வெளிச்சத்தில் இனி எப்போது பார்க்கப் போகிறீர்களோ.

புதுப் புஷ்ஷை ஏற்றுவது

புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கி எளிதாக ஏறும் என்று ஒரு பேச்சு உண்டு. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம் 40 டிகிரி குளிர்ந்தால் 0.02 மில்லிமீட்டர்தான் சுருங்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணின் ஓரத்தை அரத்தால் லேசாகச் சரித்துவிடுவது அதைவிட அதிகம் உதவும்.

வளையத்தின் வெளிப்பக்கத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் ரப்பரில் படக் கூடாது, ரப்பர் ஊதிக் கொழகொழத்துப் போகும். திரெட் ராடைக் கண்ணுக்குள் விட்டு, ஒரு பக்கம் புஷ்ஷும் வாஷரும், மறுபக்கம் பைப்பும் வாஷரும் வைத்து நட்டைச் சுற்றுங்கள். தள்ளும் வாஷர் வெளி வளையத்தின் விளிம்பில் உட்கார வேண்டும். நடுக்குழலை அழுத்தினால் நுழையும் முன்பே ரப்பரின் ஒட்டு விட்டுவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் 3 மில்லிமீட்டர் நேராக ஏறிவிட்டால் மீதி தானாகப் போகும். சாய்ந்தால் அங்கேயே நிறுத்திப் பின்னால் எடுத்து மறுபடி தொடங்குங்கள், சாய்ந்ததை இழுத்து நேராக்க முயன்றால் கண் சிராய்ந்துவிடும். குழல் இரு பக்கமும் ஒரே அளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள், கண் திட்டம் வேண்டாம்.

போல்ட்டின் தண்டில், குழலுக்குள் போகும் பகுதியில் மட்டும், காப்பர் பேஸ்ட்டோ கிரீஸோ மெலிதாகத் தடவுங்கள். அடுத்த முறை இதைக் கழற்றப்போகும் கைக்கு அது பெரிய உபகாரம். டேங்க் இடிக்காமல் பின்னொரு நாள் போல்ட்டை உருவ முடியும் திசையில் அதை நுழையுங்கள். நட்டைக் கை இறுக்கத்துக்கு மட்டும் போட்டு நிறுத்துங்கள். பன்னிரண்டு புஷ்ஷும் இப்படியே, எதையும் இறுக்காமல்.

இறுக்கும் நேரம்

ஷாக் அப்சார்பரை மாட்டி, சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்குங்கள். கை இறுக்கத்தில் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. களத்திலேயே நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பின்பலகையில் ஏறி நின்று நாலு தடவை குலுக்குங்கள். பட்டை தன் இயல்பான வளைவுக்கு வரும், கண்ணும் தன் இயல்பான கோணத்துக்குத் திரும்பும். அந்த நிலையில்தான் முழு இறுக்கம்.

வண்டி பெரும்பாலும் காலியாக ஓடினால் காலியாகவே இறுக்குங்கள். தினமும் கிழங்கும் கேரட்டும் ஏற்றும் வண்டி என்றால், வழக்கமான சுமையில் பாதியை ஏற்றிவைத்து இறுக்குவதே நல்லது. 45 கிலோ மூட்டை இருபது ஏற்றுகிற வண்டிக்குப் பத்து மூட்டை. அப்போது ரப்பர் காலியாகத் திரும்பி வரும்போது ஒரு பக்கமும், முழுச் சுமையில் மறுபக்கமுமாகப் பாதிப் பாதி முறுகும். எந்தப் பக்கமும் எல்லையைத் தொடாது.

தரையில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஸ்பேனர் திருப்ப இடம் போதாவிட்டால், ஸ்டாண்டைச் சேசிஸிலிருந்து எடுத்து ஆக்சிலுக்கு அடியில், இரு பக்கமும் ஒரே உயரத்தில் வையுங்கள். அப்போது வண்டியின் எடை பட்டையின்மேல்தான் நிற்கிறது, சக்கரத்தைக் கழற்றினாலும் கண்ணின் கோணம் மாறாது. ஆக்சிலிலா சேசிஸிலா என்ற இந்த ஒரு வித்தியாசத்தில்தான் புதுப் புஷ்ஷின் ஆயுள் இருக்கிறது.

இறுக்க அளவு வண்டியின் கையேட்டில் இருந்தால் அதுவே சரி. கையேடு இல்லாத பழைய வண்டிக்கு, 8.8 போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு: எம்12 என்றால் 80 நியூட்டன் மீட்டர் அளவில், எம்14 என்றால் 130, எம்16 என்றால் 200. டார்க் ரெஞ்ச் இல்லையா? தோட்டத்தில் இலை எடை போடும் கொக்கித் தராசு போதும். போல்ட்டின் நடுவிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில் ஸ்பேனர் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்கு நேர் செங்குத்தாக இழுங்கள். 20 கிலோ காட்டும்போது ஏறக்குறைய 80, 33 கிலோ காட்டும்போது 130. எம்16க்குப் பைப் மாட்டி 60 சென்டிமீட்டராக்கி 34 கிலோ இழுத்தால் 200. இழுவை நழுவாமல் மெதுவாக இருக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் முள் பொய் சொல்லும்.

இரு துண்டு ரப்பர் உள்ள ஷேக்கிளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நடுவில் இரும்புக் குழல் இல்லாதபோது, ரப்பரின் விளிம்பு வாஷரைச் சுற்றி லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கி நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் ஷேக்கிள் ஊசலாடாமல் பிடித்துக்கொள்ளும், வண்டி கட்டை வண்டியைப் போலத் தூக்கிப் போடும், முதல் பட்டை கண்ணுக்குப் பக்கத்தில் ஒடியும்.

முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிராக்கெட் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். பிறகு குனிந்து பார்த்தாலே எது திரும்பியிருக்கிறது என்று தெரியும். சுவரில் எழுதிய அளவை மறுபடி எடுத்துப் பாருங்கள். முன் பட்டையில் வேலை செய்திருந்தால் சக்கர அலைன்மென்ட்டும் பார்த்துவிடுவது நல்லது. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு இருந்து, ஏதோ காரணத்துக்காக யு போல்ட்டைக் கழற்ற நேர்ந்திருந்தால், அதன் தடித்த பக்கம் பழையபடியே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மாற்றிப் போட்டால் ஸ்டியரிங் அலையும். கழற்றிய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், அதன் மரை ஒருமுறை நீண்டுவிட்டது.

ரப்பருக்குப் பதிலாக

ஆட்டமே இருக்காது என்று லேத்தில் கடைந்த நைலான் புஷ்ஷைச் சிலர் போடுகிறார்கள். ஆட்டம் இருக்காது, உண்மைதான். ஆனால் ரப்பர் உள்வாங்கிக்கொண்டிருந்த அடி முழுவதும் ஹேங்கருக்கும் ரிவிட்டுக்கும் போகும். வளைவில் பட்டை முறுகும்போது நைலான் கொடுக்காது, கண் அகலும். பாலியூரிதீன் அதைவிடத் தேவலை, எண்ணெய்க்கும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது முறுகுவதில்லை, குழலின்மேல் சுழல்கிறது. சிலிக்கான் கிரீஸ் வைத்துப் போட வேண்டும், மழைக்காலத்தில் மண் புகுந்ததும் கத்தத் தொடங்கும், கழற்றி மறுபடி கிரீஸ் வைக்க வேண்டும். சுமை வண்டிக்கு, அதுவும் இந்த மலைக்கு, நல்ல ரப்பர் புஷ்ஷே போதும். சரியான உயரத்தில் இறுக்கினால் அது பல வருடம் உழைக்கும்.

முதல் இறக்கத்துக்குச் சுமை இல்லாமல் போய்வாருங்கள். ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியோ குன்னூர் வழியோ, மேட்டுப்பாளையம் போய் ஏறி வந்தால் நூறு கிலோமீட்டராவது ஆகிவிடும். வண்டி ஆறிய பிறகு, சமதளத்தில், சக்கரம் தரையில் நிற்க, பன்னிரண்டு நட்டையும் அதே தராசை வைத்து ஒருமுறை பாருங்கள். பெயிண்ட் கோடு விலகிய நட்டு ஏதாவது இருந்தால் அதை மட்டும் இறுக்காமல், முதலில் இளக்கி, வண்டியைக் குலுக்கி நிறுத்தி, திரும்ப இறுக்குங்கள். அடுத்து ஆயிரம் கிலோமீட்டரில் ஒருமுறை. அதன்பின் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கண்ணைச் சுற்றியுள்ள மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கடப்பாரையை ஒரு தடவை கொடுத்துப் பார்த்தால் போதும்.